மாவு இருக்கா, உப்பு இருக்கா?

போன பரீட்சைக் காலம். ராத்திரி ஒன்பதரை இருக்கும். போடிங்குக்கு வந்து பையைப் போட்டுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். பசி. ஆனா எழும்பி ஒரு வெங்காயத்தை உரிக்கக்கூடத் தெம்பு இல்ல. அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.

“என்னா சாப்புட்ட?”

“இன்னும் இல்லம்மா. சமைக்கவே ஏலாது, அவ்வளவு களைப்பு.”

“மாவு இருக்கா?”

“இருக்கு.”

“உப்பு இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் என்னா?”

அவ்வளவுதான். அம்மா வேற கதைக்குப் போயிட்டாங்க. இருபது நிமிஷத்துல நான் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோதுமை மாவு, உப்பு, கையில இருந்த கொஞ்சம் தேங்காய்ப்பூ, தண்ணி. பிசைஞ்சு, உள்ளங்கையில தட்டி, சூடான தட்டுல போட்டா முடிஞ்சுது. காய்ஞ்ச மிளகாய், வெங்காயம், உப்பு மூணையும் நசுக்கி எடுத்தா கட்டச் சம்பல். மாசித்தூளும் தேசிக்காயும் இருந்தா அன்னைக்கு விசேஷம்.

சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் அந்த “அப்புறம் என்னா?” காதுல திரும்பக் கேட்டுச்சு. அது ஒரு சமையல் குறிப்பு இல்ல. களைச்சுப்போன ஒருத்தருக்கு இன்னொரு களைச்சுப்போனவர் சொல்ற பதில். எங்க ஆட்கள் எப்போதிலிருந்து இந்தப் பதிலைச் சொல்றாங்க? ரொட்டி நம்ம “பாரம்பரிய உணவு”ன்னு மேடையில சொல்றோம், உணவு விழாவுல பெனர் கட்டுறோம். உண்மையில அது எவ்வளவு பழசு? அதைத் தேடிப் போனதுல எழுதினதுதான் இது.

நெல்லில் இருந்து மாவுக்கு ஏறும் பஸ்

எங்க வீட்டுக்குப் போகணும்னா எம்பிலிப்பிட்டியவில் இறங்கி பஸ் மாறணும். அந்த டவுனைத் தெரிந்தவங்களுக்கு ரெண்டு விஷயம் உடனே ஞாபகம் வரும். ஒன்று, ரோட்டோரம் அடுக்கி வச்சிருக்கிற எருமைத் தயிர்ச் சட்டி. மற்றது, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வயல். 1960களில் கட்டப்பட்ட உடவளவை நீர்த்தேக்கத்தின் தண்ணிதான் இந்த வயல்களுக்குப் பாயுது. அங்கிருந்து ரக்குவானைப் பக்கம் ஏற ஏற வயல் குறைஞ்சு ரப்பர் வரும், பிறகு தேயிலை வரும், லயம் வரும். ஒரே இரத்தினபுரி மாவட்டம்தான். ஆனா கீழே காலையில சோறு சாப்பிடுற ஊர், மேலே காலையில ரொட்டி சாப்பிடுற ஊர்.

இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. கீழே குடியேற்றத் திட்டங்களில் காணி பிரிக்கப்பட்ட காலத்தில், மேலே இருந்தவர்களுக்குக் குடியுரிமையே இல்லை. காணி எங்கிருந்து வரும்? நெல் விளையும் மண்ணுக்கு அரை நாள் நடை தூரத்தில் இருந்தவர்கள், கப்பலில் வந்த மாவைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

ரொட்டிக்கு முந்திய காலம்

19 ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் ரொட்டி சுடும் பழக்கத்தோடு வரவில்லை. அவர்களுடைய ஊர்ச் சாப்பாடு கம்பு, சோளம், கேழ்வரகு, கூழ், களி. நெல்லுச் சோறு பல வீடுகளில் நல்ல நாளுக்கு உரியது.

இங்கே வந்ததும் நிலைமை மாறியது. தோட்டமே அரிசி கொடுத்தது. இனாமாக அல்ல, சம்பளத்தில் கழித்துக்கொண்டு. பர்மாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் இறக்கின அரிசி. எத்தனை புசல் வாங்கினாய், எவ்வளவு பிடித்தோம் என்ற கணக்கு கங்காணி கையிலும் துரையின் ஒபிசிலும் இருந்தது. 1927 இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூட, கூலியோடு சேர்த்து நிர்ணயித்த விலைக்கு அரிசி வழங்குவதையும் பேசியது. சம்பளமும் சோறும் அவ்வளவு ஒட்டிப்போயிருந்தன.

அந்தக் காலத்தில் களைத்துப்போனவர்களின் சாப்பாடு எது? பழைய சோறு. ராத்திரி ஒருமுறை உலை வைக்கிறது, மிஞ்சினதுல தண்ணி ஊத்தி வைக்கிறது, விடிய அதை வெங்காயமோ பச்சை மிளகாயோ கடிச்சுக்கிட்டு குடிக்கிறது. அடுப்பு மூட்ட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். தமிழர்களுடைய “இரண்டு நிமிடச் சாப்பாடு” இதுதான். ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு: ராத்திரி சோறு மிஞ்சணும்.

1942: அரிசிக் கப்பல் நின்ற வருடம்

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. குண்டைப் பற்றி நாம் பாடப் புத்தகத்தில் படித்தோம். ஆனால் லயத்துக்குள் வந்து விழுந்தது ரங்கூன்தான். இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியில் இருந்து வந்தது. அதில் பர்மாவின் பங்கு மிகப் பெரியது. அது நின்றதும் உணவுப் பங்கீடு வந்தது. அரிசியின் அளவு குறைந்தது; அந்த இடத்தைக் கோதுமை மாவும் பாணும் நிரப்பத் தொடங்கின.

யுத்தம் முடிந்த பிறகும் மாவு திரும்பிப் போகவில்லை. 1954 இல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. தன் களஞ்சியங்களில் குவிந்து கிடந்த தானியத்தை மற்ற நாடுகளுக்கு இலகுவான நிபந்தனையில் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இலங்கைக்கும் அந்த வழியில் கோதுமை வந்தது. இன்றைக்கும் நம் ஊரில் வெள்ளை மாவை “அமெரிக்கன் மா” என்று சொல்லும் வயசானவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே முழு வரலாறும் இருக்கிறது.

அரிசி அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு இரண்டு உதாரணம். 1952 இல் இலங்கையும் சீனாவும் ரப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்தன. வருடத்துக்கு 50,000 தொன் ரப்பர் இங்கிருந்து போகும், 270,000 தொன் அரிசி அங்கிருந்து வரும். நாட்டின் முக்கிய ரப்பர் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் உண்டு. அதாவது எங்க ஊர் ஆட்கள் விடியாத இருட்டில் வெட்டி இறக்கிய பால், முழு நாட்டுக்கும் சோறாக மாறியது. அடுத்த வருடமே, பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டது. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் நாட்டையே நிறுத்தியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

மாவுக்காக யாரும் ஹர்த்தால் செய்ததாக நான் படிக்கவில்லை. மாவு சத்தமில்லாமல் வந்தது.

மாவை ரொட்டி ஆக்கியது எது?

மாவு கிடைத்தது என்பது பாதிக் கதைதான். கிடைத்த எல்லாமே ஒரு சமூகத்தின் தினச் சாப்பாடாக ஆகிவிடாது. மற்றப் பாதிக் கதையைப் பெரட்டு மணி சொல்லும்.

பெரட்டு என்றால் காலையில் எல்லோரும் கூடி நின்று பேர் கொடுத்து, அன்றைய வேலையைப் பிரித்து வாங்கும் இடம். நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. குறைந்த கொழுந்துக்கு அரைப்பேர். ரப்பரில் நிலைமை இன்னும் இறுக்கம். வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் அப்போதுதான் நன்றாக வடியும். அதனால் பால் வெட்டுகிறவர்களுக்கு விடிவதற்கு முன்பே நாள் தொடங்கிவிடும்.

இப்போது ஒரு தாயின் காலையை எண்ணிப் பாருங்கள். எழும்புறது நாலு, நாலரை. பீலியில தண்ணி பிடிக்கணும். ஈர விறகை ஊதி ஊதி எரிக்கணும். தேத்தண்ணி ஊத்தணும். பெரிய புள்ளைகளை ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்தணும், கைக்குழந்தையைப் புள்ளக்காம்பராவுல விடணும். இதுக்கு நடுவுல காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒண்ணா முடியணும். சோறுன்னா கல் பொறுக்கணும், கழுவணும், வேகணும், அதுக்குக் கறி ஒண்ணு வேணும், மலைக்குக் கொண்டுபோகப் பாத்திரம் வேணும். ரொட்டிக்கு இது எதுவும் வேண்டாம். ஒரே தட்டு, ஒரே நெருப்பு. துணியில சுத்தி இடுப்புல சொருகிட்டா மத்தியானம் வரைக்கும் கெடாது. கொழுந்து மலையில நின்னபடியே பிச்சுச் சாப்பிடலாம். கெட்டியா இருக்கிறதால சீக்கிரம் பசிக்காது.

யாரும் இதைக் கண்டுபிடித்ததாகப் பெயர் எழுதி வைக்கவில்லை. ஆனால் இது ஒரு கண்டுபிடிப்புத்தான். கையில் இருக்கும் நேரம் எவ்வளவு, விறகு எவ்வளவு, உடம்பில் மிச்சமிருக்கும் பலம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, தோட்டத்துப் பெண்கள் செய்த கண்டுபிடிப்பு. அதே பெண்களுக்கு, அதே ஒரு நாள் வேலைக்கு, 1984 வரை ஆண்களை விடக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டது என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்து வையுங்கள்.

மாவும் இல்லாத காலம்

அம்மாயிக்கிட்ட பழைய காலத்தைப் பற்றி எது கேட்டாலும் கதை கடைசியில “சிறிமா காலத்துல”ன்னு அங்கதான் போய் நிக்கும். 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒன்றாக ஏறின. அரசு பங்கீட்டைக் குறைத்தது. பாணுக்கு விடியாத நேரத்திலிருந்து கியூ. ஒரு மாவட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. ரோட்டில் மறித்துச் சோதிக்கும் தடுப்புகளைச் சிங்களத்தில் ‘ஹால் பொல்ல’ என்பார்கள். கிராமத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சமாவது வயலோ வளவோ இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்குக் கூப்பனும் கூலியும் மட்டும்தான். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் கை மாறின காலமும் இதுவே. பல தோட்டங்களில் வாரத்துக்கு முழு நாள் வேலையே கிடைக்கவில்லை. பட்டினியால் ஆட்கள் இறந்தார்கள்.

“பலாவும் மரவள்ளியும் இல்லாட்டி நீங்க யாரும் இல்ல” என்பார் அம்மாயி. தேங்காய்ப்பூ இல்லாத ரொட்டி, பிறகு மாவு பாதி, மரவள்ளி பாதி ரொட்டி, பிறகு ரொட்டியே இல்லை. ஒரே ஒரு பொருளில் நிற்கும் சுலபமான சாப்பாடு எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தத் தலைமுறை உடம்பால் படித்தது.

சுவிஸ் நாட்டுச் சூப்பும் ஒசாக்கா நூடில்ஸும்

இங்கே கொஞ்சம் வெளியே போய்விட்டு வருவோம். காரணம் இருக்கிறது.

1880களில் சுவிட்சர்லாந்துத் தொழிற்சாலைகளிலும் இதே பிரச்சினை இருந்தது. பெண்கள் முழு நாளும் ஆலையில் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்து நல்ல சாப்பாடு சமைக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. ஃபிரிடோலின் ஷுலர் என்ற மருத்துவர் அங்கே தொழிற்சாலைப் பரிசோதகராகவும் இருந்தார். தொழிலாளர்களின் சத்துக்குறைவைப் பற்றி அவர் பகிரங்கமாகப் பேசினார். சுவிஸ் பொதுநலச் சங்கம் ஒரு மா ஆலைக்காரரை அணுகியது. மலிவாக, சீக்கிரம் வேகக்கூடியதாக, சத்துள்ளதாக ஏதாவது செய்யுங்கள் என்றது. அவர் பருப்பு, பயறு வகைகளை அரைத்து மாவாக்கி 1884 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1886 இல் கரைத்துக் கொதிக்க வைக்கும் சூப்பும் வந்தது. அவர் பெயர் ஜூலியஸ் மகி. ஆமாம், லயத்துக் கடையில் சரமாகத் தொங்கும் அந்த மஞ்சள் பக்கெட்டில் இருக்கும் பெயர்தான். நாம் போடிங்கில் உடைத்துப் போடும் பக்கெட்டின் பூர்வீகம், களைத்துப்போன தொழிலாளிப் பெண்களின் அடுப்படி.

இன்ஸ்டன்ட் நூடில்ஸின் கதையும் நமக்கு அந்நியமில்லை. யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானிலும் பஞ்சம், அங்கேயும் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. ஒசாக்காவில் ஒரு கிண்ணம் நூடில்ஸுக்காகக் குளிரில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததைப் பிற்காலத்தில் மொமொஃபுகு அண்டோ நினைவுகூர்ந்தார். 1958 இல் அவர் உடனடி நூடில்ஸைக் கொண்டுவந்தார். அங்கே வந்த கோதுமை நூடில்ஸ் ஆனது. இங்கே வந்தது ரொட்டி ஆனது.

ஆனால் சுவிஸ் கதைக்கும் நம் கதைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே “இந்தப் பெண்கள் களைத்திருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்க ஒரு பரிசோதகர் இருந்தார். அதனால் பதிலும் பருப்பில் வந்தது. எங்க பெண்களிடம் அப்படி வந்து கேட்டவர்கள் மிகக் குறைவு. கையில் கிடைத்தது வெள்ளை மாவு. அதை வைத்துக்கொண்டு பதிலைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1973 இல் தொடங்கிய திரிபோஷ மட்டும் ஓரளவு விதிவிலக்கு. சோளமும் சோயாவும் சேர்ந்த அந்தப் பொடி கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வந்தது. சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் அம்மா, பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோருக்கும் பங்கு. நானும் அந்த உருண்டைக்குச் சண்டை போட்டவள்தான்.

மா 400 ரூபாய் ஆனபோது

1977 இல் அரசு சிங்கப்பூரின் பிறீமா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது; 1980 இல் திருகோணமலை மா ஆலை வேலை தொடங்கியது. அதற்குப் பிறகு கோதுமை வெளியில் இருந்து வந்தாலும் மாவு உள்ளூரில் அரைபட்டது. பாண், ரொட்டி, கொத்து, பேக்கரி பணிஸ் என்று முழு நாடும் மாவுக்குப் பழகியது. நகரத்தில் அது ஆசைக்கு, அவசரத்துக்கு. லயத்தில் அது தினமும்.

2022 இல் இந்த வித்தியாசம் வெளிச்சத்துக்கு வந்தது. முந்திய வருடம் நூறு ரூபாய்க்கு அங்கிட்டு இங்கிட்டு இருந்த ஒரு கிலோ மா, 400 ரூபாயைத் தொட்டது. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021 இல்தான், எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு, 1000 ரூபாய் ஆகியிருந்தது. எங்க வீட்டில் ஐந்து பேர். காலை ரொட்டிக்கே ஒரு கிலோ போகும். அந்த மாதங்களில் அம்மா ரொட்டியை முன்னை விட மெல்லிசாகத் தட்டினார். “மெல்லிசா இருந்தாத்தான் மொறுமொறுன்னு இருக்கும்” என்றார். எங்களுக்கு விளங்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

2016 ஆம் ஆண்டு குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டு மட்டத்தில் நூற்றுக்கு 17. தோட்டப் பகுதியில் கிட்டத்தட்ட 32. இதற்கு ரொட்டி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். வருமானம், கழிவறை, தண்ணீர், தாயின் உடல்நிலை எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்து “ரொட்டியைக் குறையுங்க, மரக்கறி சாப்பிடுங்க” என்று அறிவுரை சொல்கிறவர்கள், நாலரை மணிக்கு ஒருநாள் அந்த அடுப்படியில் நின்று பார்க்க வேண்டும். மரக்கறி சமைக்க நேரம் வேண்டும். நேரத்தைப் பெரட்டு வைத்திருக்கிறது.

பாரம்பரியமா?

கம்பஸில் முதல் வருடம், “ரொட்டி கோஷ்டி” என்று எங்களை ஒருத்தர் கிண்டல் பண்ணினப்போ எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் வரல. பிறகு அதுக்கு எதிரா ரொட்டியைக் கொண்டாடத் தொடங்கினோம். மலையகம் 200 நிகழ்வுகள் நடந்த 2023 இல் எத்தனை இடத்தில் ரொட்டியும் சம்பலும் காட்சிக்கு வைத்தோம். அதில் பிழை இல்லை. நானும் பெருமையோடு போட்டோ எடுத்தேன்.

இப்போது யோசித்தால், 200 வருடத்தில் இந்த ரொட்டிக்கு வயசு ஏறக்குறைய 80. அது நாம் ஊரில் இருந்து கொண்டுவந்தது அல்ல. ஒரு யுத்தம், ஒரு அமெரிக்கச் சட்டம், ஒரு பெரட்டு மணி, ஆயிரக்கணக்கான பெண்களின் தூக்கமில்லாத காலைகள் எல்லாம் சேர்ந்து செய்தது. அது தெரிந்த பிறகு ரொட்டி மீது எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது. ஆனால் கொண்டாடும்போது ஒரு கேள்வியையும் சேர்த்தே வைக்க வேண்டும்: அந்தச் சுலபமான சாப்பாடு மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போனது? சமைத்தவருக்கு ஓய்வாகக் கிடைத்ததா? இல்லை. அது நேராகக் கொழுந்துக் கூடைக்குள் போனது.

“களைத்துப்போன நாளில் பத்து நிமிடத்தில் என்ன சமைக்கலாம்?” என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். நல்ல கேள்விதான், எனக்கும் அடிக்கடி தேவைப்படும் கேள்வி. ஒரு முட்டையைச் சம்பலோடு கலந்து ரொட்டிக்குள் மடித்தாலே அது இன்னும் நல்ல சாப்பாடு. கைப்பிடி முருங்கைக் கீரையை மாவோடு பிசைந்தால் இன்னும் நல்லது. ஆனால் நமக்கு அது பரீட்சை முடியும் வரைக்கும்தான். வாழ்நாள் முழுக்கக் களைத்திருக்கும் ஒருவருக்குச் சமையல் குறிப்பு பதில் ஆகாது. அவருக்கு வேண்டியது கூலி, தண்ணீர்க் குழாய், வீட்டில் இன்னொரு ஜோடிக் கை.

போன லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ, நாலு மணிக்கு அலாரம் வச்சு எழும்பி நானே ரொட்டி சுட்டேன். தம்பியையும் எழுப்பி சம்பல் இடிக்க வச்சேன், அவன் திட்டிக்கிட்டே இடிச்சான். ஒரு ரொட்டி கருகிப்போச்சு, ரெண்டு இலங்கை வரைபடம் மாதிரி வந்துச்சு. அம்மா அஞ்சு மணிக்கு எழும்பி வந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம இஸ்தோப்புல போய் உட்கார்ந்தாங்க. தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலைக்குப் போற நாளில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

“உப்பு கொஞ்சம் கூட” என்றார். ரெண்டாவது ரொட்டியும் கேட்டார்.